மழைமானியில் ஊற்றிய கேத்தல் தண்ணீர்

எங்கள் திணைக்கள ஓய்வூதியர்களின் வருடாந்த மதிய போசனம் சென்ற மாதம் கண்டியில் நடந்தது. ஐஸ்கிறீம் வந்த பிறகு நாவலப்பிட்டியைச் சேர்ந்த பழைய உத்தியோகத்தர் ஒருவர் எழுந்து மழைமானிக் கதையைச் சொன்னார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, நானும் அந்த முகாமில் இருந்தவன்தானே என்று கேட்டார். அந்தக் காலத்து மனிதர்களுக்கு எவ்வளவு நகைச்சுவை உணர்ச்சி என்று வியந்தார். நான் ஐஸ்கிறீமை வைத்துவிட்டு வெளியே வந்து முச்சக்கர வண்டி பிடித்தேன்.

அந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது ஒரு தேநீர்க் கேத்தலில் தொடங்கி, மழை அளந்தவரின் முகம் போன போக்கில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. எனக்கு நேரம் இருக்கிறது.

நான் வேலை பார்த்த திணைக்களத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அது இப்போது வேறு பெயரில் வேறு பிழைகளைச் செய்துகொண்டிருக்கிறது. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை அளந்து பார்க்கவென்று அது ஒரு முகாம் போட்டது. ஹுன்னஸ்கிரியவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, லொறிப் பாதை முடிந்த பிறகும் அரை நாள் ஏற வேண்டும். இரண்டு தகரக் கொட்டகைகள், பேச்சும் கேட்கக்கூடிய ஒரு கம்பியில்லாத் தந்தி இயந்திரம், எந்நேரமும் ஈரமாக இருக்கும் போர்வைகள், காலில் ஏறும் அட்டைகள். வாரத்துக்கு ஒரு தடவை அரிசியும் பாணும் கருவாடும் தலைச்சுமையாக வரும். நாங்கள் ஐந்து பேர். பொறுப்பாக ஒரு எஞ்சினியர். மழையும் நீரோட்டமும் அளக்கும் அவதானிப்பாளர். நாவலப்பிட்டிக்காரரான தொழில்நுட்ப உதவியாளர். சமையலுக்கு நாங்கள் 'நானா' என்று அழைத்த முஸ்லிம் மனிதர். முகாமின் எழுத்தரும் களஞ்சியப் பொறுப்பாளருமாக நான்.

எஞ்சினியர் கொழும்பில் வளர்ந்த தமிழர். கோபம் வந்தால் ஆங்கிலம் பேசுவார், சமாதானம் வேண்டுமென்றால் தமிழ். துருவப் பிரதேசங்களுக்குப் போன பயணக்குழுக்களைப் பற்றிய புத்தகங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். மாதக்கணக்காகச் சூரியனே உதிக்காத இடத்தில், பனிக்குள் புதைந்த குடிசையில் அடைபட்டுக் கிடந்த மனிதர்கள் புத்தி பேதலிக்காமல் தப்பியது ஒருவரை ஒருவர் பகிடி பண்ணித்தான் என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. ஆகவே எங்கள் முகாமிலும் பகிடி கட்டாயமானது. எங்களுக்குச் சூரியன் தினமும் உதித்தது என்பதையும், கடை வீதிக்கு ஒரு நாளில் போகலாம் என்பதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. பனிக்கரடிக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது அட்டைதான்.

பகிடிகளைத் தயாரிக்கும் வேலை உதவியாளருக்கு. அதில் அவர் சூரர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சீனி டின்னில் உப்பு வைப்பதெல்லாம் அவருக்கு அரிச்சுவடி. ஒரு நாள் கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தந்தி இயந்திரத்தின் கரகரத்த குரலில் கண்டித் தலைமைக் கந்தோரின் அவசர அறிவித்தல் ஒன்றை வாசித்தார். நூதனசாலைக்கு உயிருள்ள முள்ளம்பன்றி ஒன்று உடனே தேவையாம். நானாவும் எஞ்சினியரும் ஒரு சாக்கோடு அரை நாள் காட்டுக்குள் அலைந்தார்கள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் எஞ்சினியர்தான் அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று அந்த மண்டபத்தில் சிலர் நினைக்கிறார்கள். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

அவதானிப்பாளர் யாழ்ப்பாணத்தவர். முகாமில் அவருக்குப் பெயர் 'மழை மாஸ்டர்'. அவரையும் சிரிக்கத் தெரியாதவராகத்தான் கதையில் சொல்வார்கள். அது பொய். ஒரு நாள் காலை தன் சப்பாத்துக்குள் யாரோ போட்டு வைத்திருந்த, இரத்தம் குடித்து உப்பிப்போன அட்டையைக் குச்சியால் எடுத்து எங்கள் எல்லோருக்கும் காட்டி, "இவரும் அரசாங்க உத்தியோகத்தர்தான். வேலை முடிஞ்சுது, இனி ஓய்வு" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனவர் அவர்.

அவர் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தார். அது முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. முடிந்தால் நியமனம் நிரந்தரமாகும். நிரந்தரமானால் கண்டியில் இரண்டு அறை அரசாங்க விடுதி கிடைக்கும். நிரந்தரமாகாதவருக்கு விடுதி இல்லை என்பது விதி. மனைவி ஊரில் தாய் வீட்டில் இருந்தார். சில மாதத்துக் குழந்தை ஒன்று. பிறந்த கையோடு ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. கந்தோர் வேலையாகக் கண்டிக்குப் போன சமயம் காலியாக இருந்த விடுதியொன்றை வெளியில் நின்று பார்த்துவிட்டு வந்து, யன்னல் எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே என்றெல்லாம் என்னிடம் விவரித்தார். அதைத் தவிர அவர் தன் வீட்டு விஷயம் பேசி நான் கேட்டதில்லை.

இனி மழைமானி. கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி வேலி போட்ட ஒரு துண்டு நிலத்தில் அது இருந்தது. மேலே புனல், உள்ளே போத்தல். ஒவ்வொரு காலையும் எட்டரைக்குப் போத்தலில் சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி வாசிக்க வேண்டும். வாசித்ததைத் தந்தியில் கண்டிக்கு அனுப்ப வேண்டும். இலக்கம் மட்டும்தான் தந்தியில் போகும். வேறு குறிப்பு ஏதாவது இருந்தால் அது வாரம் ஒரு முறை சுமைகாரரோடு தபாலில். போத்தலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அனுப்ப வேண்டும். அவதானிப்பாளர் தன் அபிப்பிராயத்தால் அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இது நல்ல விதி. உலகத்தில் எங்கேயும் இதுதான் விதி.

இன்னொரு விதியும் இருந்தது. எங்கள் ஓடை கீழே பள்ளத்தாக்கில் ஒரு அணைக்கட்டில் போய்ச் சேரும். மேலே மழை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வெள்ளம் வந்து சேருமுன் அணைக்கட்டுக் காவலாளி வான்கதவைத் திறந்துவிட வேண்டும். முன்பு ஒரு தடவை திறக்கத் தாமதமாகி அணைக்கட்டு உடைந்திருந்தது. அதற்காக வந்த உத்தரவு. எங்கள் இலக்கம் கண்டிக்குப் போனதும் கண்டி அவருக்குத் தொலைபேசியில் சொல்லும். அவர் திறப்பார். இந்த விதி முகாமில் இருந்த எல்லோருக்கும் தெரியும். உதவியாளருக்கும் எஞ்சினியருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். அவர்கள்தான் அந்த அணைக்கட்டின் அளவுகளை எடுத்தவர்கள்.

மழை ஓய்ந்து பல நாளாகிய ஒரு காலை. வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. மழை மாஸ்டர் வேலிக்குள் போனார். புனலை எடுத்தார். போத்தலைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பிறகு வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கையால் புல்லைத் தடவிப் பார்த்தார். யன்னலோரம் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த எஞ்சினியரும் பக்கத்தில் நின்ற உதவியாளரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற நானாவுக்கும் விளங்கவில்லை.

"வானத்துல ஒரு துண்டு மேகமும் இல்லயே மாஸ்டர்," என்றார் நானா. "எங்க ஈந்து வந்த மழ?"

மாஸ்டர் தண்ணீரை இரண்டு தடவை அளந்தார்; வான்கதவு திறக்க வேண்டிய அளவை அது தாண்டியிருந்தது. உள்ளே வந்தார், இலக்கத்தைத் தந்தியில் அனுப்பினார், உட்கார்ந்து தபாலில் போக வேண்டிய குறிப்பை எழுதத் தொடங்கினார்: தரை உலர்ந்திருக்கிறது, வானம் வெளித்திருக்கிறது, இந்த அளவுக்குக் காரணம் தெரியவில்லை. அவர் செய்ததில் ஒரு புள்ளிகூட விதிக்கு விலகியதில்லை.

இலக்கம் போன பிறகுதான் அவர்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். விடிய முன்பு அடுப்பங்கரையிலிருந்து கேத்தலை எடுத்துப் போய் நிறைய ஊற்றியதாக உதவியாளர் தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார். எஞ்சினியருக்கு முதல் நாளே தெரியுமாம். அனுப்ப முன்பு சொல்லி நிறுத்துவதாகத்தான் இருந்தார்களாம். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பில் மறந்து போய்விட்டதாம்.

நான் எழுந்தேன். "சேர், உடனே ரத்துச் செய்தி அனுப்பணும். இப்ப கதவத் தொறந்துருவாங்க," என்றேன்.

முட்டையை முடித்துவிட்டு அனுப்பலாம் என்றார் எஞ்சினியர்.

ரத்துச் செய்தியை முகாம் பொறுப்பதிகாரி மட்டும்தான் அனுப்பலாம். காரணம் ஒன்றும் கூடவே போக வேண்டும். மூன்று காரணங்களுக்குத்தான் இடம் இருந்தது: கருவிக் கோளாறு, வாசிப்புப் பிழை, அனுப்பற் பிழை. பகிடி என்று ஒரு காரணத்தைத் திணைக்களம் எதிர்பார்த்திருக்கவில்லை. எஞ்சினியர் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு இந்த மூன்றையும் ஒரு சாப்பாட்டுப் பட்டியலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மாஸ்டரின் பக்கம் திரும்பினார். தமிழில் பேசினார்.

"வாசிப்புப் பிழை எண்டு போடுவம். சின்ன விஷயம். நீர் ஒண்டும் நினைக்காதேயும்."

தகுதிகாண் காலத்தில் ஒரு வாசிப்புப் பிழை பதிவானால் அந்தக் காலம் ஒரு வருடம் நீளும். விதிக் கோவை என் மேசையில்தான் இருந்தது. எஞ்சினியரும் அதைக் கையெழுத்துப் போட்டுப் பெற்றவர்.

மாஸ்டர் பேனையைக் கீழே வைத்தார். "நான் பிழையா வாசிக்கேல்லை, சேர். போத்திலுக்குள்ள இருந்த தண்ணியைச் சரியாத்தான் வாசிச்சனான்."

"அது தெரியும் ஐசே. ஒரு பேச்சுக்குத்தான்."

"பேச்சுக்கெண்டா பேச்சோட நிக்கட்டும். எழுத்தில வேண்டாம்."

உதவியாளர் இடையில் புகுந்தார். "அண்ணே, தமாசுக்குச் செஞ்சத இப்படிப் பெருசு பண்ணாதீங்க. எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம்." இந்தக் குடும்பத்தில் எழுந்து, ஊற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. விவாதித்து முடித்து, கடைசியில் 'கருவிக் கோளாறு' என்று ரத்துச் செய்தி போனபோது கீழே வான்கதவு திறந்து வெகு நேரமாகிவிட்டது.

சிறுபோக நெல் விதைப்புக்காகத் தேக்கி வைத்திருந்த தண்ணீர். பட்டப்பகலில், மேகமே இல்லாத வானத்தின் கீழ், காவலாளி கதவைத் திறந்து அதை ஓடவிட்டார். அவர்மேல் பிழையில்லை. மலையில் மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கலாம் என்றுதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயற்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அடுத்த வாரம் அவர்கள் கூட்டமாகக் கண்டிக் கந்தோருக்கு வந்தார்கள். விதைப்புக்குத் தண்ணீர் இல்லை. மண்டபத்தில் சொல்லப்படும் கதையில் இந்த வயற்காரர்கள் வருவதே இல்லை.

கருவிக் கோளாறு என்றால் கருவியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பரிசோதகர் அட்டைகளோடு போராடி மலையேறி வந்தார். புனலை அளந்தார், போத்தலை அளந்தார், மட்டம் வைத்துப் பார்த்தார். கேத்தலைக் கொண்டு அவரே தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்தார். எஞ்சினியரும் உதவியாளரும் பக்கத்தில் மரியாதையாக நின்று ஒத்தாசை செய்தார்கள். அதே கேத்தல்தான். கருவியில் எந்தக் குறையும் இல்லை என்று அவர் எழுதினார். உண்மையைத்தான் எழுதினார். கருவி சரியென்றால், அனுப்பியதும் சரியென்றால், மீதி ஒரு காரணம்தானே.

கண்டியில் விசாரணை வைத்தார்கள். விசாரித்தவர் மூத்த அதிகாரி, நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர். என்னை அழைத்துக் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன்: ஊற்றியவர் யார், முதல் நாளே தெரிந்திருந்தவர் யார், ரத்துச் செய்தி ஏன் தாமதமானது. அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். குறிப்பெடுக்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். முள்ளம்பன்றி விஷயமும் அவர் காதுக்கு எட்டியிருந்தது போல. அதைப் பற்றியும் விசாரித்தார். என் வாக்குமூலத்தில் இது எதையும் எழுதவில்லை. தனிமையில் இருக்கும் ஆட்கள் இப்படித்தான் என்றும், ஒரு நல்ல எஞ்சினியரின் எதிர்காலத்தை ஒரு கேத்தல் தண்ணீரில் கரைக்க முடியாது என்றும் எனக்கு விளக்கினார். மாஸ்டரின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார். வாசிப்புப் பிழை என்று மாஸ்டர் ஒரு வரி எழுதித் தந்தால் தானே தலையிட்டு அதை மன்னித்து, உரிய திகதியில் நியமனத்தை உறுதிப்படுத்துவாராம். வயற்காரர்களுக்குப் பதில் சொன்னதாகவும் இருக்கும், விடுதியும் கிடைக்கும்.

மாஸ்டரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தவில்லை.

"எழுதினா எனக்கு வீடு கிடைக்கும், அது தெரியும்," என்றார் மாஸ்டர். "ஆனா நாளைக்கு நான் அனுப்பிற இலக்கத்தை ஆர் நம்புவினம்? உண்மையா மழை பெய்யிற நாளிலயும் கண்ணாடியை வாசிக்கத் தெரியாதவன் எண்டுதானே நினைப்பினம். கீழ வயல் இருக்கு, சனம் இருக்கு. நான் எழுதமாட்டன், சேர்."

இப்படிப்பட்ட ஒரு பதிலுக்குப் பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள் என்று எண்ணுகிறவர்கள் அரசாங்க சேவையில் இருந்ததில்லை. முடிவு சில வாரத்தில் வந்தது. அளவுக்கான காரணம் அறியப்படவில்லை. அவதானிப்பாளர் திருப்தியான விளக்கம் தரத் தவறினார். தகுதிகாண் காலம் ஒரு வருடம் நீடிக்கப்படுகிறது. எஞ்சினியரின் பெயர் அதில் இல்லை. உதவியாளரின் பெயரும் இல்லை. அந்த வருடமே உதவியாளருக்குத் தர உயர்வு கிடைத்தது.

மேன்முறையீடு செய்தோம். நான்தான் எழுதினேன். எந்தப் பந்தி, எந்த உப பந்தி என்று ஒன்று விடாமல் காட்டினேன். பதில் வரவில்லை. ஆனால் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு நிலையத்தின் அளவு சந்தேகத்துக்கு உள்ளாகி, காரணம் அறியப்படாமல் இருந்தால், காரணம் அறியப்படும் வரை ஒவ்வொரு வாசிப்பின்போதும் முகாமின் அதி மூத்த உத்தியோகத்தரும் இன்னொருவரும் நேரில் நிற்க வேண்டும். அவதானிப்பாளர் அழைத்தால் மறுக்க முடியாது. காரணம் அறியப்படவில்லை என்று திணைக்களமே எழுதித் தந்திருந்தது. அந்தப் பக்கத்தை மாஸ்டருக்குக் காட்டினேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். "நல்ல விதி," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை எஞ்சினியரின் கட்டிலருகே போய் நின்றார். "சேர், வாங்கோ. எட்டரை."

எஞ்சினியர் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். நான் விதிக் கோவையைத் திறந்து நீட்டினேன். வந்தார். உதவியாளரையும் மாஸ்டர் பெயர் சொல்லி அழைத்தார். மூவரும் வேலிக்குள் நின்றார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி அவர்கள் இருவரையும் தனித்தனியாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அடுத்த நாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. பருவ மழை தொடங்கியபோது எஞ்சினியர் குடையோடு நின்றார், காலில் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்த நாளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். நானா வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிளேன்டீ ஆறிப் போகிறது என்று சத்தம் போடுவார். முகாமில் பகிடிகள் தாமாகவே குறைந்துபோயின.

ஒரு மழை நாளில் எஞ்சினியருக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் கூத்து இன்னும் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார்.

"காரணம் தெரியுமட்டும், சேர்," என்றார் மாஸ்டர்.

எஞ்சினியர் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: இன்னார் ஊற்றினார், எனக்குத் தெரியும். நிற்பதும் முடிந்திருக்கும், மாஸ்டரின் நியமனமும் அன்றே சரியாகியிருக்கும். பேனையும் கடதாசியும் என் மேசையில் இருந்தன. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். தண்ணீரை ஊற்றியதைக்கூட விட்டுவிடலாம். மனிதர்கள் மடத்தனம் செய்வார்கள். ஒரு வரி எழுதுவதைவிட ஒரு வருடம் மழையில் நிற்பது சுலபம் என்று படித்த இரண்டு பேர் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு காலையும் புதிதாக முடிவு செய்தார்கள்.

வருடம் முடிந்தது. நியமனம் உறுதியானது. முன்பு பார்த்து வைத்த விடுதி வேறு யாருக்கோ போய்விட்டது; வெயில் படாத வேறொன்று கிடைத்தது. மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்தார். சாமான்களை இறக்க உதவிக்கு நானும் கண்டி ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். மகள் நடந்துதான் இறங்கினாள். மாஸ்டர் குனிந்து தூக்கியதும் வீரிட்டு அழுதாள். அவர் அவளைக் கீழே விட்டார். அவள் ஓடிப்போய்த் தாயின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு இந்தப் புது ஆளைப் பார்த்தாள்.

"ஆரெண்டு தெரியேல்லை அவளுக்கு," என்றார் மாஸ்டர் என்னிடம். "பழகுவாள்."

றங்குப் பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறு பக்கத்தை நான் பிடித்தேன். வெளியே வண்டி வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தார். அவள் கிட்ட வரவில்லை.